அவசரம் தரும் தலைவர்

தென்கடல் பல்கலைக்கழகத்தின் கொச்சி மட்டாஞ்சேரி மையத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நிர்வாகிகள் தமக்குக் கீழே இருப்பவர்களை எவ்வளவு தூரம் வளரவிடுகிறார்கள் என்பதை இனிமேல் அளக்கப்போகிறார்களாம். ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மூன்றுக்குக் குறைந்தால் பதவி உயர்வு கிடையாது.

துணைப் பதிவாளர் சங்கர்ராம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, தமக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று யோசித்தார். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்று ஐந்து வருடம். எழுத்தர் மாற்றலாகிப் போன இடத்துக்கு ஆள் வரவில்லை. தட்டச்சர் பதவி இருந்தது, தட்டச்சர் இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தபோது வராந்தாவில் விளக்குமாற்றின் சத்தம் கேட்டது.

"பேச்சி, இங்க வா."

பேச்சியம்மாள் வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறாள். அவளும் ஒச்சம்மாள் முதலான இன்னும் ஆறு பெண்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.

"நீ எனக்குக் கீழதானே வேலை பாக்கறே?"

"மாடியையும் நாந்தான் பெருக்குதேன் சார்."

"அதில்லை. நான் உனக்கு மேலதிகாரி, அல்லே?"

"ஆமா சார். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பொண்ணும் இல்லை. உன்னை அளக்க வரா. அல்ல, என்னை அளக்க வரா. உன்னை வச்சு."

பேச்சியம்மாள் அவருடைய இடுப்பைப் பார்த்தாள். "தையக்காரரா சார்?"

"பல்கலைக்கழகமாக்கும்! ஒரு பொண்குட்டி வந்து கேள்வி கேக்கும். உள்ளதைச் சொன்னா போரும். நல்லதா உள்ளதைச் சொல்லு."

"சரி சார். அந்தச் சாவி விஷயம்..."

"அது பரிசீலனையில் இருக்கு" என்று சொல்லிவிட்டு சங்கர்ராம் சுற்றறிக்கையை மூன்றாம் முறை படிக்கத் தொடங்கினார்.

சாவி விஷயம் இதுதான். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று கட்டியது. குழு வந்து, பார்த்து, பாராட்டிவிட்டுப் போனது. அடுத்த குழு வரும்வரை அது அப்படியே இருக்க வேண்டும் என்று சங்கர்ராம் அதைப் பூட்டிச் சாவியைத் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். தொலைக்கல்வி மையம் என்பதால் மாணவர்கள் வருவதில்லை. அதிகாரிகளுக்கு மாடியில் தனியாக உண்டு. தினமும் காலையில் சங்கர்ராமே கீழே வந்து பூட்டைத் திறப்பார். பேச்சியம்மாள் உள்ளே போய், யாரும் பயன்படுத்தாத அந்த இடத்தைக் கழுவித் துடைப்பாள். அவர் வாசலில் நிற்பார். அவள் வெளியே வந்ததும் பூட்டுவார்.

பேச்சியம்மாளுக்குச் சுகர். இரண்டு மணி நேரம் தாங்காது. பஜார் ரோடு வழியாகப் படகுத்துறைக்குப் போனால் பொதுக் கழிப்பறை. போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம், வரிசையில் எத்தனை நேரம் என்பது அன்றைக்கு வந்திறங்கும் சுற்றுலாக்காரர்களைப் பொறுத்தது. போன ஆடியில் ஒருநாள், பாதி வழியில், சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்தில் அவளால் முடியாமல் போய்விட்டது. அதே லாரியில் மூட்டை இறக்குகிறவர்களில் ஒருவர் அவள் வீட்டுக்காரர் சுடலைமணி. அவர் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாள்தான் சாவி கேட்டு மூன்றாவது மனுவைக் கொடுத்தாள்.

கேள்வி கேட்க வந்தவள் பெயர் தன்யா. ஆராய்ச்சி மாணவி. கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பதில் சொல்கிறவரின் தாய்மொழியில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. ஆகவே தன்யா அதைத் தமிழாக்கினாள். அந்தத் தமிழை இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. அவளுடைய பெரியப்பா வெங்கிட்டு திருப்பினார். மூலத்தோடு அச்சாக ஒத்துப்போயிற்று. மொழிபெயர்ப்பில் அணுவளவும் பிசகில்லை என்று குழு சான்றிதழ் கொடுத்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே தமிழ் பேசுகிறவர்களா என்று கேட்கச் சொல்லி விதியில் எங்கும் இல்லை.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தன்யாவின் வீட்டுத் தமிழிலும் அப்படித்தான். நாம் அவசரம் என்று சொல்வதை அவர்கள் திறுதி என்பார்கள். "என்ன திறுதி, சாயா குடிச்சிட்டுப் போ" என்றுதான் அந்த வீட்டில் கேட்கும். ஆகவே கேள்வித்தாளில் வாய்ப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாம் அவசரம் வந்திருந்தது. தென்காசிக்காரிக்கு அவசரம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டாம். அதிலும் சுகர் உள்ளவளுக்கு.

வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டார்கள். சங்கர்ராம் தம் அறை வாசலில் ஒரு கோப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேச்சி, நான் ஓரோ வாக்கியமா வாசிப்பேன். ஒருபோதும் இல்லைன்னா ஒண்ணு. எப்போதும்னா அஞ்சு. நடுவில் ரெண்டு, மூணு, நாலு. மனசிலாச்சா?"

"மனசிலாச்சும்மா."

"என் மேலதிகாரி எனக்கு அவசரம் தருகிறார்."

பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதெல்லாம் பேப்பர்ல போட்டிருக்கா?"

"உண்டு."

"யாரு சொன்னது? ஒச்சம்மா சொன்னாளா?"

"யாரும் சொல்லலை சேச்சி. எல்லா நிர்வாகிகளைப் பத்தியும் கேக்கறதுதான்."

"எல்லா எடத்துலயும் இப்படித்தான் நடக்கா?" பேச்சியம்மாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "எப்பவும் தாராரு. அஞ்சு போடு."

"அவசரம் தருவதில் அவர் ஆண் பெண் என்று வேறுபாடு பார்ப்பதில்லை."

"பாக்காம என்ன? ஆம்பளைக்கு ஏது அவசரம், சுவரு கெடக்கு. எல்லாம் எங்களுக்குத்தான்."

'பெண்களுக்கு முன்னுரிமை' என்று தன்யா ஓரத்தில் குறித்துக்கொண்டாள். வாசலில் கோப்பு ஒரு அங்குலம் தாழ்ந்தது.

"கிடைத்த அவசரத்தை நானே சுயமாகக் கையாள அனுமதிக்கிறார்."

"பின்ன? வேற ஆளா வந்து கையாளுவாங்க?"

"அப்போ அஞ்சு. கிடைத்த அவசரத்தை நழுவவிடாமல் இருக்க எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்."

பேச்சியம்மாள் தெருவைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வாட்டி நழுவிட்டும்மா" என்றாள் மெதுவாக.

"சாரமில்லை, விடுங்க சேச்சி. எல்லாருக்கும் நழுவும். எனக்கே எத்தனையோ நழுவியிருக்கு."

"இந்த வயசுலயா?"

"போன வருஷம் டெல்லியில் ஒரு பெரிய அவசரம் வந்தது. ட்ரெயினைப் பிடிக்க முடியலை, போச்சு."

பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ட்ரெயினை எதுக்கும்மா நம்புதே. ஸ்டேஷன்லயே இருக்குமே."

தன்யாவுக்கு அது புரியவில்லை. ஆனால் அந்தக் கை ஆதரவாக இருந்ததால் கேட்கவில்லை. "கடைசிக் கேள்வி. இவர் இந்தப் பதவியில் இல்லாவிட்டால் எனக்கு இத்தனை அவசரங்கள் கிடைத்திருக்காது."

"சத்தியமான வார்த்தை" என்றாள் பேச்சியம்மாள்.

மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். ஒச்சம்மாள் மட்டும் ஐந்துக்கு மேலே நம்பர் இல்லையா என்று கேட்டாள்.

சங்கர்ராமுக்கு நான்கு புள்ளி ஒன்பது ஏழு வந்தது. அறுபத்து மூன்று நிர்வாகிகளில் முதலிடம். குறைந்துபோன அந்தத் துளியும் பேச்சியம்மாள் ஒருமுறை நழுவவிட்டதற்காக.

இரண்டாமிடம் வந்தவருக்கு இரண்டு புள்ளி ஒன்றுதான். ஆகவே மட்டாஞ்சேரியில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு வந்தது. சங்கர்ராமிடம் கேட்டார்கள்.

"நான் ஒண்ணும் செய்யலை, கேட்டேளா."

தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டு பெண்களிடம் வந்தார்கள். "அவர் உங்களுக்கு எப்படி அவசரம் தருகிறார்? முறை என்ன?"

"முறை என்ன முறை" என்றாள் ஒச்சம்மாள். "கக்கூஸைப் பூட்டிச் சாவியை எடுத்து வச்சுக்கிட்டா அவசரம் தானா வருது."

பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கதவு அடைபடும்போது மனிதனுக்குள் பல கதவுகள் திறக்கின்றன. இது முதல்தரமான கண்டுபிடிப்பு" என்றார். இன்னொருவர் பூட்டைப் படமெடுத்தார்.

அடுத்த மாதம் எல்லா வளாகங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. ஆலுவாவில் கழிப்பறைகளோடு குடிதண்ணீர்க் குழாயையும் பூட்டினார்கள். வல்லார்பாடத்தில் லிஃப்டைப் பூட்டினார்கள், உள்ளே இருந்தவருக்குத் தகவல் சொன்ன பிறகுதான். இடக்கொச்சி வளாகத்தில் பூட்டுவதற்குக் கழிப்பறையே இல்லை. அவசரமாக ஒன்று கட்டிப் பூட்டினார்கள்.

பாராட்டு விழா மட்டாஞ்சேரி மையத்திலேயே நடந்தது. துணைவேந்தர் டாக்டர் ரமேஷ்பாபு வந்திருந்தார். சங்கர்ராம் பட்டுச்சால்வையோடு பேசினார்.

"நான் யாருக்கும் எதுக்கும் சகாயம் பண்றதில்லை. பண்ணினா அவாளோட திறமை எப்படி வளரும்? எங்கிட்ட மூணு மனு வந்தது. ஒண்ணுக்காவது பதில் போட்டேனா? இல்லை. பதில் போட்டா அவா என்னை நம்பி இருந்துடுவா. ஒரு நல்ல தலைவன் இருக்கானா இல்லையான்னு கீழ உள்ளவாளுக்குத் தெரியவே படாது. பதினேழு வருஷமா நான் இருக்கறது இங்க யாருக்கும் ஒரு உபயோகமும் ஆனதில்லை. இதைப் பெருமையாச் சொல்லிக்கலாம்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. பிறகு, அவருக்குக் கீழே வளர்ந்தவர் ஒருவர் பேசட்டும் என்று பேச்சியம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். இதைவிட நல்ல சமயம் வராது என்று அவள் ஏறினாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. யாரும் அதைத் தாழ்த்தவில்லை. எம்பிப் பேசினாள்.

"எனக்குச் சுகர் இருக்கு. மூணு மனு குடுத்தாச்சு. எனக்குச் சாவி வேணும். எங்க ஏழு பேருக்கும் சாவி வேணும். அவ்வளவுதான்."

துணைவேந்தர் எழுந்து மைக்கை வாங்கினார். "கேட்டீர்களா?" என்றார் மலையாளத்தில். "இந்தச் சகோதரி சம்பளம் கேட்கவில்லை. லீவு கேட்கவில்லை. சாவி கேட்கிறார்! வெற்றியின் சாவி! இப்படிக் கேட்கும் தைரியம் இவருக்கு எங்கிருந்து வந்தது? கிடைத்த அவசரங்களிலிருந்து!"

முத்திரை பதித்த நினைவுப் பரிசு ஏற்கெனவே தயாராக இருந்தது. அதுவும் சாவிதான். மரத்தில் செய்து தங்க நிறம் அடித்தது. இரண்டடி நீளம்.

"இது எந்தப் பூட்டுக்கு சார்?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"எல்லாப் பூட்டுக்கும்" என்றார் துணைவேந்தர்.

விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபின் அவள் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்று, பூட்டையும் சாவியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்யா தேடிக்கொண்டு வந்தாள்.

"சேச்சி, நல்லாப் பேசினீங்க."

"பேசி என்ன? ஏம்மா, நீ படிச்ச புள்ள. அவசரத்தை அடக்கி வைக்க முடியாதுன்னு நீயாவது அவங்ககிட்டச் சொல்லக்கூடாதா?"

"அவசரத்தை எதுக்கு அடக்கணும்?"

"அப்படிக் கேளு. கதவைப் பூட்டி வச்சுக்கிட்டு அடக்கு அடக்குன்னா சுகர்காரி எங்க போவா? படகுத்துறைக்குல்லா ஓடணும்."

தன்யா பூட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "சேச்சி... உங்க ஊரில் அவசரம்னா என்ன அர்த்தம்?"

பேச்சியம்மாள் சொன்னாள். படித்த பெண் என்பதால் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

தன்யா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. அப்போ ஒரு வாட்டி நழுவிச்சுன்னு சொன்னது..."

"அதான். லாரிப் பக்கம்." பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "யாருகிட்டயும் சொல்லிராத. ஆமா, அப்ப ஒனக்கு டெல்லியில வந்தது?"

"அது வேலை சேச்சி! வேலைக்கு வாய்ப்பு!"

"நல்ல வேளை. ஒனக்கும் சுகரோன்னு நான் தெனமும் நெனச்சுக்கிடுவேன்."

இதைச் சொன்னால் தன் இரண்டு வருட ஆராய்ச்சி போய்விடும் என்று தன்யாவுக்குத் தெரியும். ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். குழு மூன்று முறை கூடியது. கேள்வி தவறாக இருந்தது உண்மை, ஆனால் பதில்கள் சரியானவை என்று முடிவு செய்தது. போட்ட பூட்டுகளை எடுக்க வேண்டாம். சங்கர்ராமின் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருப்பதால் அவருக்கு மட்டும், சொல்லைத் திருத்தி, மறுபடி அளக்க வேண்டும்.

கடிதம் வந்த அன்று அவர் வராந்தாவுக்கே வந்தார்.

"பேச்சியம்மா, இருங்கோ."

தனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தான். இந்தாங்கோ, சாவி. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சுக்கோங்கோ. அன்னிக்குத்தான் அந்தக் குட்டி வரா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் திருப்பித் தரணும். தர மதிப்பீட்டுக் குழு வரச்சே சுத்தமா இருக்கண்டாமா?"

"சுத்தம் பண்ணுறதே நாங்கதான சார்?"

"அதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கு வேலை கூடப்படாதுன்னு நெனச்சுதானே நான் பூட்டினதே. இதைப் புரிஞ்சுண்டு அந்தக் குட்டிகிட்டச் சொன்னா நன்னாருக்கும்."

சாவியில் ஒரு தகரத் துண்டு கட்டியிருந்தது. அதில் பல்கலைக்கழகத்தின் சொத்து என்று வெட்டியிருந்தது. பேச்சியம்மாள் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். மூன்று வருடமாகக் கழுவிய தரைதான். அதில் அவசரப்படாமல் நிற்பது இதுதான் முதல் தடவை. வெளியே ஒச்சம்மாள் கதவைத் தட்டினாள்.

"ஏட்டி பேச்சி, உள்ளயே குடிவந்துட்டியா? நாங்களும் மனுசங்கதான்."

மறுநாள் மதியம் இரண்டு பேருமாகப் பாலஸ் ரோடு முனையில் பூட்டுச் சாவி ரிப்பேர் பார்க்கும் மாரிச்செல்வத்திடம் போனார்கள். மதுரைக்காரன். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை வேணும்க்கா?"

"ஏழு."

"ஒரு பூட்டுக்கு ஏழா? உள்ள என்ன வச்சிருக்கீங்க, நகையா?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது. நீ பாட்டுக்கு வெட்டுடா" என்றாள் ஒச்சம்மாள்.

வெள்ளிக்கிழமை தன்யா வந்தாள். பேச்சியம்மாள் முதலில் சங்கர்ராமின் அறைக்குப் போய், தகரத் துண்டோடு சாவியை மேசையில் வைத்தாள்.

"அளந்தப்புறம் தந்தா போருமே" என்றார் அவர்.

"எதுக்கு சார்? உங்க பொருளு உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நிம்மதியாக இருந்தது. இந்த முறை வாசலில்கூட வந்து நிற்கவில்லை.

வராந்தாவில் தன்யா புதுக் கேள்வித்தாளை விரித்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "திருத்தியாச்சு சேச்சி. என் மேலதிகாரி எனக்கு வாய்ப்பு தருகிறார்."

"தரல."

"சாவி தந்ததா சார் சொன்னாரே?"

"திருப்பி வாங்கி மேசையில பூட்டிட்டாருல்லா."

"அப்போ ஒண்ணு போடறேன். ஒருபோதும் இல்லை."

"போடு."

படிக்கட்டுக்கு அடியிலிருந்து கதவு திறக்கும் சத்தம் வந்தது. ஒச்சம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தபடி உள்ளே போனாள். தன்யா எழுதுவதை நிறுத்தினாள்.

"சேச்சி, சாவி அவரோட மேசையில் இருக்குன்னீங்க?"

"இருக்கே."

"பின்ன இது யார் தந்தது?"

"யாரும் தரல. நாங்களா எடுத்துக்கிட்டோம்."

தன்யா தாளைப் பார்த்தாள். ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள்.

"அதுக்கு இதில் கட்டமே இல்லையே, சேச்சி."

பேச்சியம்மாள் குனிந்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஓரத்துல எடம் கெடக்கே. அங்க எழுது."